தண்டுவடக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு: வீட்டில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கம் வீடுவீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தண்டுவடக் கட்டிக்கு ஆபரேஷன் பெரும்பாலும் சேலத்திலோ பெங்களூரிலோ வேலூரிலோ நடக்கிறது. பத்துப் பதினைந்து நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சந்தேகங்கள் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கின்றன. வாசல்வரை வழியனுப்ப வரும்போது, நோயாளிக்குக் கேட்காத குரலில் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றை அவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே எழுதுகிறேன். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் ஆபரேஷன் செய்த டாக்டரின் முடிவு. அதை இங்கே தேடாதீர்கள்.

கட்டியத்தான் எடுத்துட்டாங்களே மேடம், அப்புறம் ஏன் இன்னும் கால் வரல?

தண்டுவடம் நம் சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். மூளையிலிருந்து காலுக்குப் போகும் கட்டளையும், காலிலிருந்து மூளைக்கு வரும் உணர்வும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கட்டி அதை மாதக்கணக்கில் அழுத்தியிருக்கிறது. ஆபரேஷன் எடுத்தது அந்த அழுத்தத்தைத்தான். நசுங்கிய நரம்பைப் புதிதாக மாற்றி வைக்க எந்த டாக்டராலும் முடியாது.

வயல் வரப்பில் கிடந்த கல்லைப் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். கீழே புல் வெளுத்துப் படுத்திருக்கும். கொஞ்ச நாள் கிடந்த கல் என்றால் வெயில் பட்டதும் புல் பச்சை பிடித்து எழுந்துவிடும். வருடக்கணக்கில் கிடந்த கல் என்றால் அடியில் வெறும் மண்தான் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

முதுகுத்தண்டுல கட்டின்னாலே கேன்சர் தானே?

இல்லை. தண்டுவடத்தைச் சுற்றிய உறையிலிருந்து வரும் மெனிஞ்சியோமாவும், நரம்பு வேரின் உறையிலிருந்து வரும் ஷ்வான்னோமாவும் பெரும்பாலும் சாதாரணக் கட்டிகள்தான். முழுதாக எடுத்துவிட்டால் பலருக்கு வேறு சிகிச்சையே தேவைப்படாது. எபென்டைமோமா, ஆஸ்ட்ரோசைட்டோமா போன்றவை தண்டுவடத்துக்குள்ளேயே வளர்பவை. மார்பகம், நுரையீரல், ப்ராஸ்டேட் போன்ற இடங்களில் உள்ள கேன்சர் முதுகெலும்புக்குப் பரவி, அங்கிருந்து தண்டுவடத்தை அழுத்துவதும் உண்டு. எந்த வகை என்பதை, எடுத்த கட்டியைச் சோதித்துத் தரும் பயாப்ஸி ரிப்போர்ட்தான் சொல்லும். அதன் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

எங்க அப்பா திரும்ப நடப்பாரா, மாட்டாரா? உள்ளத சொல்லிடுங்க.

உள்ளதைச் சொல்ல, நான் ஒரு கேள்வி திருப்பிக் கேட்பேன். ஆபரேஷனுக்கு உள்ளே போன அன்று அவர் எப்படி இருந்தார்? தானாக நடந்து போனாரா, கைத்தாங்கலாகப் போனாரா, காலை அசைக்கவே முடியாமல் ஸ்ட்ரெச்சரில் போனாரா? வயது, சுகர், கட்டியின் அளவு எல்லாவற்றையும்விட இந்த ஒரு விஷயம்தான் பின்னால் வரும் முன்னேற்றத்தை அதிகம் தீர்மானிக்கிறது. நடந்து போனவர்களில் பெரும்பாலானவர்கள் நடையைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள். கால் முழுவதும் செயலிழந்து பல நாள் ஆன பிறகு போனவர்களுக்கு நடை திரும்புவது கடினம்.

அடுத்தது, பலவீனம் எவ்வளவு நாளாக இருந்தது, எவ்வளவு வேகமாக வந்தது என்பது. காலில் உணர்வு மிஞ்சியிருக்கிறதா என்பதும் முக்கியம். கால் அசையாவிட்டாலும், குத்தினால் கூர்மையாகத் தெரிகிறது என்றால் அதை நல்ல அறிகுறியாகத்தான் பார்க்கிறோம். ‘வயசாயிடுச்சு, இனி எங்க’ என்று சீக்கிரமே கைவிட்டுவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எழுபது வயதில் மெனிஞ்சியோமா எடுத்துவிட்டு வாக்கரில் நடந்து மாட்டுக் கொட்டகை வரை போகும் அம்மாக்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பக்கத்து ஊருல ஒருத்தருக்கு இதே ஆபரேஷன். ஒரே மாசத்துல நடந்துட்டாரு. இவருக்கு மட்டும் ஏன் இப்படி?

பெயர்தான் ஒன்று, இடம் வேறாக இருந்திருக்கும். கட்டி தண்டுவடத்துக்கு வெளியே இருந்தால் தண்டுவடத்தைக் கீறாமலே எடுக்க வழி உண்டு. உள்ளே இருந்தால் தண்டுவடத்தையே கீறித்தான் எடுக்க வேண்டும். நெஞ்சுப் பகுதியில் தண்டுவடம் போகும் குழாய் குறுகல், ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் அங்கே சேதம் அதிகம். தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்புக் கற்றைதான். அங்கே வந்த கட்டியின் கதையே வேறு. போன கேள்வியில் சொன்ன ‘உள்ளே போன அன்றைய நிலை’யையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அடுத்தவர் வீட்டோடு ஒப்பிட்டு நோயாளியின் காதுபட மட்டும் பேசாதீர்கள்.

நடந்துதான் ஆபரேஷனுக்கு போனாங்க. வெளிய வந்தப்போ கால் முன்ன விட மோசம். டாக்டர் ஏதாவது தப்பு பண்ணிட்டாரா?

தண்டுவடத்துக்குள் இருந்த கட்டி என்றால், ஆபரேஷன் முடிந்ததும் கொஞ்சம் பின்னடைவு வருவது எதிர்பார்க்கப்படும் ஒன்று. கையெழுத்து வாங்கும்போது சொல்லியிருப்பார்கள். அந்தப் பதற்றத்தில் யார் காதிலும் ஏறியிருக்காது. பலருக்கு வாரங்களிலோ சில மாதங்களிலோ பழைய நிலைக்குத் திரும்புகிறது.

ஆபரேஷன் முடிந்தவுடன் கால் நன்றாக இருந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் திடீரென்று தளர்ந்தால் அது வேறு. உள்ளே ரத்தம் கட்டி அழுத்துகிறதா என்று உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது என்றால் நர்ஸை எழுப்பிச் சொல்லுங்கள், காலை ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பகல்ல நல்லா நடக்கறாரு. கரெண்ட் போச்சுன்னா பொத்துனு விழறாரு. பயமா இருக்கு.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு வீட்டில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். தடியைத் தொடாமல் திண்ணையிலிருந்து கிணறு வரை நடந்தவர், தொட்டி ஓரம் நின்று முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். நல்ல வேளையாகக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன்.

கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே நமக்குத் தெரிகிறதே, அந்த உணர்வைக் கொண்டுபோகும் பாதை தண்டுவடத்தின் பின்பக்கம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கட்டியைப் பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் திறந்து எடுப்பார்கள். அதனால் தசையில் பலம் இருந்தும் கால் இருக்கும் இடம் தெரியாமல் போகிறது. அந்தக் குறையைக் கண் ஈடுகட்டுகிறது. இருட்டினால் அதுவும் போய்விடுகிறது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சார்ஜ் விளக்கு வையுங்கள். முகம் கழுவுவதை உட்கார்ந்தே செய்யட்டும். தொளதொளத்த ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னால் பட்டை உள்ள செருப்பு போடட்டும். கண்ணாடி முன் நின்று எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றும் பயிற்சி இவர்களுக்கு நிறையப் பலன் தருகிறது.

மொத்தம் எத்தன மாசம் ஆகும்?

வேகமான முன்னேற்றம் முதல் 3 முதல் 6 மாதத்தில். அதற்குப் பிறகு மெதுவாக, ஒரு வருடம் தாண்டியும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். வலி முதலில் குறைவதையும், சிறுநீர்க் கட்டுப்பாடு பின்னால் வருவதையும் அதிகம் பார்க்கிறேன். முதல் ஆறு மாதத்தை விசேஷம், அறுவடை என்று தள்ளிப்போட்டு வீணாக்குகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை.

எங்க ஊர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி. அதனாலதான் கட்டி வந்துச்சா?

தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் பலரும் கேட்கும் கேள்வி. ஃப்ளோரைடால் கட்டி வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை வருவதோடு, எலும்பு தடித்து, முதுகெலும்புகளைக் கட்டும் நார்கள் சுண்ணாம்பு போல இறுகும். தண்டுவடம் போகும் குழாய் குறுகி, கட்டியே இல்லாமல்கூடக் கால் இறுகித் தளரும். ஒகேனக்கல் குடிநீர் 2013-ல் வந்தது. அதற்கு முன்பு போர்வெல் தண்ணீரில் வளர்ந்த தலைமுறைக்கு இந்தப் பாதிப்பு உடம்பில் இருக்கலாம்.

இதனால் இரண்டு தொல்லை. முதுகு இறுகினாலே ‘இது நம்ம ஊர் தண்ணிக் கோளாறு’ என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். கட்டி அதற்குள் தன் வேலையைச் செய்துவிடுகிறது. இன்னொன்று, குழாய் ஏற்கெனவே குறுகலாக இருந்தால் சின்னக் கட்டியும் சீக்கிரமே அழுத்தும். முதுகுவலியோடு கால் மரத்தால், நடை தடுமாறினால், ராத்திரி படுத்ததும் வலி கூடினால், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடுவதுதான் சரி.

முன்னாடி சுகரே இல்ல. ஆபரேஷனுக்கப்புறம் முன்னூறு காட்டுது. எப்படி?

வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். அது சுகரை ஏற்றும். சுகர் ஏறினால் தையல் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் துவண்டுவிடுவார். சுகரைத் தினமும் பார்த்து எழுதி, போனில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பீடி, சிகரெட், ஹான்ஸ் மூன்றையும் விட வேண்டும். புண் ஆறுவதையும் எலும்பு கூடுவதையும் புகையிலை கெடுக்கிறது.

களி சாப்பிடலாமா? முட்டை, கறி கொடுத்தா சீழ் வைக்கும்னு பாட்டி சொல்றாங்க.

கொடுங்கள். புண் ஆறவும் கரைந்துபோன தசை திரும்ப வரவும் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். பருப்பு, கொள்ளு, வேர்க்கடலை, பால், மீன் எதுவும் விலக்கில்லை. பத்தியம் என்று ரசம் சாதத்தோடு நிறுத்தியவர்களுக்குத்தான் படுக்கைப்புண் ஆறாமல் கிடக்கிறது. ராகியில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் உண்டு, படுத்திருப்பவரின் மலச்சிக்கலுக்கும் நல்லது. சுகர் இருந்தால் உருண்டையின் அளவைக் குறைத்துக் கீரைக் குழம்பைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலம் தானாக வரட்டும் என்று விடாமல் நேரம் பழக்குங்கள். காலை உணவு முடிந்து அரை மணி நேரத்துக்குள் கமோடு நாற்காலியில் உட்கார வையுங்கள். சாப்பிட்டதும் குடல் அசையும் என்பதால் அந்த நேரம் தோதானது.

யூரின் ட்யூப் எப்ப எடுப்பாங்க? ட்யூப் இருந்தா நிம்மதியா இருக்கே, அப்படியே விட்டுடலாமா?

நிம்மதி என்பது பார்த்துக்கொள்கிறவருக்குத்தான். ட்யூப் நாள்பட இருந்தால் கிருமித் தொற்று, கல், காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக வரும். ட்யூபை எடுத்ததும் சிறுநீர் போகிறதா, போன பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். மிச்சம் நின்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் விட்டு எடுத்துவிடும் முறையைச் சொல்லித்தருவார்கள். கேட்கும்போது முகம் சுளிப்பார்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். கை நன்றாக உள்ளவர் தானே செய்துகொள்ளலாம்.

சொட்டுச் சொட்டாகக் கசிவதைப் பார்த்து ‘யூரின் வந்துடுச்சு’ என்று சந்தோஷப்பட வேண்டாம். நிரம்பிய சிறுநீர்ப்பை வழிவதாகவும் இருக்கலாம். அப்படியே விட்டால் சிறுநீரகம் கெடும்.

கால் சில்லுனு இருக்கு. செங்கல்ல சூடு பண்ணி ஒத்தடம் கொடுக்கலாமா? எண்ணெய் போட்டு நீவலாமா?

ஒத்தடம் கூடவே கூடாது. உணர்வு இல்லாத தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். வெந்நீர்ப் பையால் வெந்துபோன குதிகால் ஆற நான்கு மாதம் ஆனதையும், அந்த நான்கு மாதமும் நடைப்பயிற்சி நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, இறுக்கமாக இருந்தால் நீவவே நீவாதீர்கள். ஆழத்து ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். டெய்லர் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் தினமும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஏர் பெட் வாங்கிட்டோம். இனி புண்ணு வராதுல்ல?

ஏர் பெட் உதவும், ஆனால் புரட்டிப் போடுவது உங்கள் வேலைதான். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. வலப்பக்கம், மல்லாக்க, இடப்பக்கம் என்று மாற்றுங்கள். குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். நடுவில் குழியும் கயிற்றுக் கட்டில் ஆகவே ஆகாது. இடுப்பெலும்பு அழுந்துவதோடு, அதிலிருந்து எழுந்து உட்காரவும் பழக முடியாது. ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதும் வேண்டாம், அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது.

தினமும் குளிப்பாட்டும்போது புட்டத்துக்கு மேலே, இடுப்புப் பக்கங்கள், குதிகால், கணுக்கால் நான்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு ரூபாய் அளவு சிவப்போ கருப்போ தெரிந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி நிறம் வந்தால் தப்பித்தோம். நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தோல் கருத்தவர்களுக்கு நிறமாற்றம் தெரியாது. அந்த இடம் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். எந்த நிலையானாலும் அந்தப் பக்கம் மறுபடி படுக்க வைக்காதீர்கள்.

கால் தானா வெட்டி வெட்டி இழுக்குது. நரம்பு வருதுன்னு அர்த்தமா?

அது தசை இறுக்கம். மூளையின் கட்டுப்பாடு குறைந்ததால் தண்டுவடம் தானாகக் காலை இழுக்கிறது. ‘கட்டை விரலை மேலே தூக்குங்க’ என்று சொன்னதும் அவராகத் தூக்கினால் அதுதான் முன்னேற்றம். இறுக்கத்துக்கு பேக்லோஃபென் கொடுத்திருந்தால் அதையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. ஒரே வாரத்தில் இறுக்கம் ரொம்பக் கூடினால் காரணம் வேறெங்காவது இருக்கும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புண், சதையில் ஏறிய கால் நகம் என்று தேடுங்கள்.

கம்பி, ஸ்க்ரூ போட்டிருக்காங்க. எக்சர்சைஸ் பண்ணா கழண்டுறாதா? இல்ல, நிறைய பண்ணா சீக்கிரம் வந்துடுமா?

சொன்ன அளவில் செய்தால் கழலாது. முதுகை முறுக்குவது, குனிந்து தூக்குவது, தரையில் சம்மணமிட்டு எழுவது ஆகியவற்றுக்கு டாக்டர் சொன்ன காலம் வரை தடை. தக்காளிப் பெட்டி, பால் கேன், தண்ணீர்க் குடம் எதையும் தூக்கக்கூடாது. எழும்போது ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

நிறையச் செய்தால் சீக்கிரம் வரும் என்பதும் சரியில்லை. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் செய்து மறுநாள் படுத்துக்கொள்வதைவிட, இருபது நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று வேளை செய்வது நல்லது. நடக்க வேண்டியவர் நடையையும், உட்காரப் பழக வேண்டியவர் உட்காருவதையுமே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். படுத்தபடி வேறொருவர் காலை மடக்கி நீட்டினால் மூட்டு இறுகாது, அவ்வளவுதான். பலம் அதனால் வராது.

கரெண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. பிசியோவ நிறுத்திடலாமா?

ரேடியேஷனைத்தான் நம் ஊரில் கரெண்ட் வைப்பது என்கிறோம். தையல் ஆறிய பிறகு, பொதுவாக 2 முதல் 4 வாரம் கழித்து ஆரம்பிப்பார்கள். உடம்பு அசந்துபோகும், அன்றைக்குப் பயிற்சியைக் குறைக்கலாம். முழுதாக நிறுத்தினால் சேர்த்த பலம் கரைந்துவிடும். ரேடியேஷனுக்காகக் கோடு போட்ட இடத்தில் எண்ணெய், பவுடர் எதுவும் போடாதீர்கள்.

வாரத்துக்கு ரெண்டு தடவ பெங்களூருக்கு கார் வச்சு போக வசதியில்ல. இங்கயே பாக்க முடியாதா?

பயிற்சிக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் காட்டிக் கேளுங்கள். பலவீனம் நிலைத்துவிட்டால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். சக்கர நாற்காலி போன்ற உதவிகளுக்கு அதுதான் முதல் படி.

யாரு வந்தாலும் சுவத்த பாத்து திரும்பிக்கறாரு. எக்சர்சைஸும் பண்ண மாட்டேங்கறாரு.

பிடிவாதம் என்று திட்டாதீர்கள். குடும்பத்தைத் தாங்கிய மனுஷர், தன் மலத்தை மகள் அள்ளுவதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். மனச்சோர்வு வந்தால் பயிற்சி நிற்கும், சாப்பாடு குறையும், தூக்கம் கெடும், முன்னேற்றமும் நின்றுவிடும். அதற்கு மருந்து உண்டு, மருத்துவமனையில் மனநலப் பிரிவும் உண்டு. அவரைப் பற்றிய கேள்வியை அவரிடமே கேளுங்கள், பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பால் கணக்கு, வட்டிக் கணக்கு, பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடம் என்று அவர் பார்த்த வேலைகளில் முடிந்ததைத் திரும்ப அவர் கையில் கொடுங்கள்.

எதுக்கெல்லாம் ராத்திரினாலும் கிளம்பணும்?

தையலிலிருந்து தெளிந்த தண்ணீர் போல் கசிந்தாலோ, உட்கார்ந்தால் தலைவலியும் படுத்தால் நிவாரணமும் இருந்தாலோ தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் கசிவதாக இருக்கலாம். காய்ச்சலோடு தையலில் சீழ், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, புதிதாக வந்த கால் பலவீனம், சிறுநீர் அடியோடு நிற்பது ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

கழுத்திலோ மேல் நெஞ்சிலோ கட்டி இருந்தவருக்குத் தலை வெடிப்பது போல் வலி வந்து, முகம் சிவந்து வியர்த்தால், ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். யூரின் ட்யூப் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். சரி செய்தும் அடங்காவிட்டால் கிளம்புங்கள்.

ஒன்றரை வருஷம் நல்லா இருந்தாரு. இப்ப மறுபடியும் நடை தளருது. கட்டி திரும்ப வந்துருச்சா?

வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். முழுதாக எடுக்க முடியாத கட்டிகளும், பயாப்ஸியில் வேகமாக வளரும் வகை என்று வந்தவையும் திரும்ப வரக்கூடும். பழைய காயத்தைச் சுற்றி நார் ஒட்டிக்கொள்வது, முதுகு வளைவது, ஃப்ளோரைடு கேள்வியில் சொன்ன குறுகல், தசை இறுக்கம் என்று மற்ற காரணங்களும் உண்டு. நடையைப் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். டைட்டானியம் கம்பி இருப்பவர்களும் எடுக்கலாம், ‘உள்ள இரும்பு இருக்கு’ என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். டெக்னீஷியனிடம் முன்பே சொல்லிவிட்டால் போதும்.

முதல் கேள்வியில் சொன்ன கல்லும் புல்லும் இங்கேயும் பொருந்தும். இந்த முறை நடக்கும்போதே போங்கள். போகும்போது ஆபரேஷனுக்கு முந்தைய ஃபிலிம், பிந்தைய ஃபிலிம், பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி நான்கையும் எடுத்துப் போங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புதிய படத்தில் எது வளர்ந்தது என்று தெரியும். ஃபிலிமை அடுப்படிப் பரணில் வைக்காதீர்கள், சூட்டில் ஒட்டிக்கொள்ளும். துணி பீரோவில் நிமிர்த்தி வையுங்கள்.